அந்த வீட்டில் காணாமல் போன செருப்புகள்

வெளியே வந்து பார்த்தால் என் இடது கால் செருப்பு மட்டும் கிடக்கிறது. வலது காலுடையதைக் காணோம்.

நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். திரும்பிப் பார்த்தால், பின்னால் வந்த சரஸ்வதியும் ஒரு காலில் செருப்பும் மறு காலில் மண்ணுமாக நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் வந்தவளுக்கும் அதே கதி. என் வேனில் வந்த பெண்கள் அத்தனை பேரும் வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றார்கள். எந்த ஊர் நாய் இவ்வளவு நியாயமாக ஆளுக்கு ஒன்று என்று எடுத்துக்கொண்டு போகும்?

சிரிக்கவும் முடியாது, சத்தம் போடவும் முடியாது. அது துக்க வீடு. வாசலில் போட்ட சாமியானாவை இன்னும் பிரிக்கவில்லை. வாடகை நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி வேலியோரம் வைத்திருந்தார்கள். உள்ளே பத்தி வாசனை.

எங்கள் வேனில் தினமும் வருகிற சுமதி இறந்துபோய் ஒரு சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அடக்கத்தன்று கம்பெனியில் சிப்மெண்ட் இருந்ததால் இந்தப் பெண்களுக்கு லீவு கொடுக்கவில்லை. அதனால் அன்று காலை வண்டியைக் கொஞ்சம் முன்னதாகவே எடுத்து, போகிற வழியில் எல்லோருமாக இறங்கித் துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்பினோம். கிளம்பும்போதுதான் இந்தக் கூத்து.

"அந்தப் புள்ள வேலைதானுங்க இது," என்றார் சுமதியின் கணவருடைய அண்ணன், தலையில் அடித்துக்கொண்டு. "நேத்தும் இதேதான். பாத்துட்டுப் போக வந்தவங்க பாதிப் பேரு வெறுங்காலோட போனாங்க. அம்மாளப் பறிகுடுத்த புள்ளைன்னு அடிக்கவும் மனசு வருல. காத்து கீத்து பட்டிருச்சோ என்னமோ, ஒரு கயிறு மந்திரிச்சுக் கட்டோணும்."

அந்தப் புள்ள என்று அவர் சொன்னது சுமதியின் மகள் நிவேதாவை. எங்களுக்கு நிவி. இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். வீட்டுக்குப் பக்கவாட்டில், கோழிக்கூடைக்கு அருகில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஜன்னல் சீட்டு சுமதி

இந்தத் தொடரில் வேன் கதையைத் தவிர வேறு எதுவும் எழுத மாட்டீரா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐயா, எனக்குத் தெரிந்தது வேன்தான். குன்னத்தூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து திருப்பூருக்கு பனியன் கம்பெனி ஆட்களை ஏற்றிக்கொண்டு போய், பொழுதோடு திருப்பிக் கொண்டுவந்து விடுகிறவன் நான். என் வயதில் மற்றவர்கள் உலகத்தைப் பார்த்திருப்பார்கள். நான் அதே ரோட்டைத்தான் பார்த்திருக்கிறேன், ஆனால் நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

சுமதி செக்கிங் பிரிவில் இருந்தாள். தைத்து வருகிற பனியனை விளக்குக்குக் கீழே விரித்து, ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் எல்லாம் பார்க்கிற வேலை. டிரைவருக்குப் பின்சீட்டில் ஜன்னலோரம் அவள் இடம். வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். ஜன்னல் அவளுக்குக் காற்றுக்காக வேண்டியதில்லை, மகளுக்காக.

தினமும் காலையில் அந்த வீட்டு முன்னால் இரண்டு ஹாரன் அடிப்பேன். அம்மாவும் மகளும் ஓடிவருவார்கள். அம்மா ஏறி உட்கார்ந்து, ஜன்னலில் தலையை நீட்டி, "போயிட்டு வர்றேன் கண்ணு" என்பாள். "போயிட்டு வாங்கம்மா, பொழுதோட வாங்க!" என்று கீழேயிருந்து இவள் கத்துவாள். அதோடு முடிந்ததா என்றால் இல்லை. "வேன் மாமா, நீங்க?" என்று எனக்கும் ஒரு விசாரணை உண்டு. சுமதி என்னை அண்ணா என்று கூப்பிட்டதால் நான் இவளுக்கு மாமா. நானும் "போயிட்டு வர்றேன் சாமி" என்று சொன்னால்தான் கியர் விழும். மறந்து வண்டியை நகர்த்திவிட்டால் சுமதி பின்னாலிருந்து சீட்டைத் தட்டுவாள்.

"ஏம்மிணி, பிளைன் ஏறிச் சிங்கப்பூர் போறவங்ககூட இத்தன தடவை சொல்ல மாட்டாங்க. நாம திருப்பூருக்குத்தான போறோம்?" என்று நான் கிண்டல் செய்வேன்.

"சொல்லிட்டு வந்தாத்தானுங்கண்ணா அவ பள்ளிக்கூடத்துல நிம்மதியா உக்காருவா," என்பாள்.

ஒருநாள் விடிகிற நேரத்தில் குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தவள், தலை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சரிந்துவிட்டாள். பக்கத்து வீட்டுக் காரில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். சின்ன வயது. நிவி அப்போது உள்ளே போர்வைக்குள் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து அம்மா எங்கே என்று கேட்டதற்கு, ஊசி போடப் போயிருக்கிறார்கள் என்று சொல்லிவைத்தார்கள்.

எனக்கு இதெல்லாம் தெரியாது. வழக்கம்போல் வந்து இரண்டு ஹாரன் அடித்தேன். யாரும் வரவில்லை என்று இன்னும் இரண்டு அடித்தேன். பக்கத்து வீட்டு அம்மா ஓடிவந்து கையைக் கூப்பினார். "அடிக்காதீங்க சாமி, புள்ள ஓடியாந்துரும்." அதன்பிறகு அந்த வீட்டைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கவில்லை. இன்ஜின் சத்தம்கூடக் கேட்டுவிடக் கூடாது என்று மெதுவாக உருட்டிக்கொண்டு போவேன். வண்டிக்குள்ளே பெண்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். புள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

போறேன் என்று சொன்னவன்

செருப்புக்கு வருகிறேன். அதற்கு முன்னால் என் வீட்டுக் கதை ஒன்று.

எங்கள் பக்கத்தில் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்ட முடியாது. 'போயிட்டு வர்றேன்' என்று சொல்ல வேண்டும். 'வர்றேன்' என்று மட்டும் சொன்னாலும் சரி. தமிழ்நாடு முழுக்க இப்படித்தான் என்றாலும், என் மனைவி தனத்துக்கு இது சட்டம். கல்யாணமான புதிதில் ஒருநாள், ரசத்தில் உப்பு என்று ஆரம்பித்த சண்டை எங்கெங்கோ போய், கடைசியில் நான் சட்டையை மாட்டிக்கொண்டு, "நான் போறேன்" என்று கிளம்பினேன்.

அதுவரை என்னைத் திட்டிக்கொண்டிருந்தவள் சட்டென்று திட்டுவதை நிறுத்திவிட்டாள். "அதென்ன பேச்சு? வந்து உக்காருங்க."

"நான் கோவத்துல போறேன்டி."

"கோவமா இருங்க, ஆரு வேண்டாங்கறா? உக்காந்து ஒரு வாய் தண்ணி குடிச்சுப்போட்டு, ஒழுங்காச் சொல்லிப்போட்டுக் கெளம்புங்க."

உட்கார்ந்தேன். தண்ணீர் குடித்தேன். "போயிட்டு வர்றேன்" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டு எந்த மனிதனால் கோபித்துக்கொண்டு போக முடியும்? முக்கு டீக்கடை வரை போய்விட்டு, அவளுக்கும் ஒரு முறுக்குப் பொட்டலம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

இந்தச் சட்டத்துக்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. துக்க வீட்டில் மட்டும் 'போயிட்டு வர்றேன்' என்று சொல்லக் கூடாது. திரும்ப வருகிறேன் என்றால் அந்த வீட்டில் இன்னொரு துக்கம் நடக்க வேண்டும் என்று கேட்கிற மாதிரி ஆகிவிடுமாம். அதனால் போகிறவர்கள் சும்மா எழுந்து போய்விடுவார்கள். கண்ணைப் பார்க்க மாட்டார்கள், தலையாட்ட மாட்டார்கள். பெரியவர்கள் யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதும் இல்லை. நானும் அப்படித்தான் நூறு வீடுகளிலிருந்து எழுந்து வந்திருப்பேன்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு இதை யார் சொல்லித் தருகிறார்கள்? நான் அறிந்தவரை யாரும் இல்லை.

கோழிக்கூடை

நிவிக்கு அருகில் போய்க் குந்தினேன். கோழிக்கூடை கவிழ்த்திருந்தது. அதன்மேல் ஒரு கல். கோழியோ வேலியோரம் குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது. கோழியை வெளியே விட்டுவிட்டு வெறும் கூடைக்குக் கல் வைக்கிற வழக்கம் எந்த ஊரிலும் கிடையாது.

"கண்ணு, கோழி அங்க திரியுது. கூடைக்குள்ள எதை அடைச்சு வச்சிருக்கற?"

கூடைமேல் இருந்த கல்லை இன்னும் நடுவில் நகர்த்தி வைத்தாள்.

"என்ற செருப்ப அடைவச்சிருக்கறயா? குட்டிச் செருப்புப் பொரிக்குமா?"

உதட்டோரம் ஏதோ அசைந்தது. உடனே அடங்கிவிட்டது. முகம் கழுவி, தலைவாரி, ரிப்பன்கூடக் கட்டியிருந்தார்கள். சுமதியின் தங்கை கலாமணி வெள்ளகோவிலிலிருந்து வந்து கூடவே இருந்தாள்; எல்லாம் அவள் கைவேலை. பிள்ளைக்கு வேளைக்குச் சாப்பாடு கொடுத்தார்கள், பிஸ்கட் கொடுத்தார்கள், வெளியே போய் விளையாடு என்றார்கள். அவளோ அழவும் இல்லை, விளையாடவும் இல்லை, பேசவும் இல்லை.

"எதுக்குக் கண்ணு ஒளிச்சு வைக்கற? மாமனுக்கு மட்டும் சொல்லு."

கொஞ்ச நேரம் கூடையின் மூங்கிலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "போறவங்க ஆருமே சொல்லறதில்லீங்க மாமா. அக்கட்டப் பாத்தா உக்காந்திருக்கறாங்க. இக்கட்டப் பாத்துட்டுத் திரும்புனா இல்லீங்க."

"அதுக்காக?"

"செருப்பு இல்லீன்னா எங்கன்னு கேக்கோணுமில்லீங்க? கேட்டா, போறாங்கன்னு தெரிஞ்சுரும்."

யோசிக்க யோசிக்க அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அவளே கல்லை நகர்த்தி, கூடையை ஒருபக்கமாகத் தூக்கிக் காட்டினாள். உள்ளே விதவிதமான ஒற்றைச் செருப்புகள். நடுவில் ஒரே ஒரு ஜோடி, நீல வார் வைத்த ரப்பர் செருப்பு. பார்த்ததும் தெரிந்துவிட்டது. தினமும் என் வண்டிப் படியில் ஏறி இறங்கிய செருப்பு.

"அம்மா செருப்பு இங்கதானுங்க இருக்குது. போடாமயே போயிட்டாங்க," என்றாள். "எனக்கும் சொல்லல."

டிரைவர் வேலையில் எத்தனையோ பார்த்திருக்கிறேன் என்று பெருமை பேசுகிற ஆள் நான். அந்தக் கோழிக்கூடைப் பக்கத்தில் அந்தப் பெருமை ஒன்றுக்கும் உதவவில்லை.

எழுந்து நின்றேன். வாசல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "நிவி கண்ணு, மாமன் வேலைக்குப் போயிட்டு வர்றேன்" என்றேன்.

நிவியின் பெரியப்பா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "ஏனுங்க! இழவு ஊட்டுல என்ன பேச்சுப் பேசறீங்க? வயசான ஆளு, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"எனக்குத் தெரியுமுங்க. அந்தப் புள்ளைக்குத் தெரியலீங்களே. நாம எல்லாரும் அவ முதுகுக்குப் பின்னால எந்திரிச்சுப் போறோம். அவ அம்மாளும் அப்படித்தானுங்க போச்சு."

அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கதவோரம் நின்ற கலாமணி முந்திக்கொண்டாள். "சொல்லட்டுமுங்க மாமா. நான் குளிக்கப் போனாக்கூடக் கதவுக்கு வெளிய உக்காந்து என்ற சீலைத் தலைப்பக் கதவுச் சந்துல புடிச்சுட்டு இருக்கறா. எனக்குப் பாக்க முடியலீங்க." அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். பெரியப்பா உட்கார்ந்துவிட்டார்.

நிவி இதில் எதையும் கவனிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்ப வருவீங்க?"

"பொழுதோட. வண்டி திரும்பறப்போ வாசல்ல ரெண்டு ஹாரன் அடிப்பேன்."

யோசித்தாள். கூடையைத் தூக்கி, பெண்களுடைய செருப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். யாருடையது எது என்று ஒன்றுகூட மாறவில்லை. வாங்கிக்கொண்ட பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சரஸ்வதிதான் முதலில் குனிந்து, பயந்து பயந்து, "போயிட்டு வர்றேன் சாமி" என்றாள். பிறகு எல்லோருமே சொன்னார்கள்.

என் செருப்பை மட்டும் அவள் கொடுக்கவில்லை. "இது இங்கயே இருக்கட்டுமுங்க," என்று கூடையைக் கவிழ்த்துக் கல்லை வைத்துவிட்டாள்.

வெறுங்கால் சவாரி

ஒற்றைச் செருப்போடு நடப்பதைவிட வெறுங்காலே தேவலை என்று இருந்த ஒன்றையும் கழற்றிச் சீட்டுக்கு அடியில் போட்டேன். கிளட்ச் மிதி உள்ளங்காலில் உறுத்தியது. கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி, பீகார்க்காரப் பையன், என் காலைப் பார்த்துவிட்டு, "அண்ணா, சப்பல் கஹாங்?" என்றான். எனக்குத் தெரிந்த இந்தியில் "காவ் மே" என்றேன். செருப்பை ஊரில் விட்டுவிட்டு வருகிற ஆளை அவன் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது.

மதியம் வரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது. நாலு மணி டீக்குப் பிறகு புரொடக்‌ஷன் மேனேஜர் வந்து, "அண்ணாச்சி, இன்னைக்கு ஓ.டி. உண்டு. பேக்கிங் முடிஞ்சாத்தான் வண்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். திருநெல்வேலிக்காரர், இளவயது, கறாரான ஆள். சிப்மெண்ட் நேரத்தில் அவரிடம் நாங்கள் யாரும் வாயைத் திறப்பதில்லை.

பேக்கிங் முடிந்து நான் போய்ச் சேரும்போது பிள்ளை தூங்கியிருக்கும். அதுவரை ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து பார்த்திருக்கும். அன்று காலையில் ஊரையே எதிர்த்துக்கொண்டு சொன்ன ஒரு வார்த்தை, அன்றைக்கே பொய்யாகிவிட்டால்? அதற்கு நான் சொல்லாமலே போயிருக்கலாம்.

பின்னாலேயே போனேன். "சார், சித்த நேரம் வண்டிய எடுத்துட்டு ஊருக்குப் போயிட்டு வந்தர்றனுங்க."

"ஆளு இல்லாம வெறும் வண்டிய ஓட்டிட்டு எங்க போறீய?"

"என்ற செருப்பு அங்க இருக்குதுங்க."

"செருப்பா? வெளையாடுதீயளா அண்ணாச்சி?"

சொன்னேன். சரியாகச் சொல்ல வரவில்லை. கோழி, கூடை, சுமதி, நீல வார் எல்லாம் முன்னும் பின்னுமாக வந்தது. அவர் கையிலிருந்த செல்போன் அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"எங்கம்மை என்னைய ஆஸ்டல்ல விட்டுட்டுப் போனதும் நான் ஒறங்கிட்டு இருக்கையிலதான்," என்றார். "அழுவேன்னுட்டு சொல்லாமப் போயிட்டா. இப்பவும் ஊருக்குப் போனா அவகிட்ட அதுக்குச் சண்டை போடுவேன்." பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, "டீசலுக்கு நான் பதில் சொல்லிக்கிடுதேன். போய்ட்டு வாங்க அண்ணாச்சி" என்றார்.

அந்த ரோட்டில் நான் அவ்வளவு வேகமாக ஓட்டியதில்லை. பெருமாநல்லூர் தாண்டும்போது வெயில் மஞ்சளாகிவிட்டது. வீடு கண்ணில் பட்டதும், சில நாள் கழித்து, இரண்டு ஹாரன் அடித்தேன்.

வேலிப் படலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கையில் என் செருப்பு. துடைத்து வைத்திருந்தாள், வாங்கிய நாளில்கூட அது அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்."

"சரிங்க," என்று செருப்பை நீட்டினாள். நான் வாங்கப் போனபோது வண்டிக்குள் எட்டிப் பார்த்தாள். "அவங்கெல்லாம் எங்கீங்க?"

"அவங்களுக்கு ஓ.டி. கண்ணு. திரும்பிப் போய்க் கூட்டிட்டு வரோணும்."

"அப்ப இத நானே வச்சுக்கறனுங்க," என்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

செருப்பு என் காலுக்கு வந்து சேர மறுநாள் காலையாகிவிட்டது. அன்று திருப்பூருக்குத் திரும்பும்போது ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் கண்ணீரும் வந்தது. தனத்திடம் சொன்னபோது அவளுக்கும் அதேதான்.

அவள் கேட்ட கேள்வி

அதன்பிறகு தினமும் ஹாரன் அடித்தேன். நிறுத்தி, சொல்லி, கிளம்பினேன். பெண்கள் ஜன்னல் ஜன்னலாகச் சொன்னார்கள். ஒருநாள் நான் நிற்கும்போதே பெரியப்பா வந்து தொண்டையைச் செருமி, வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி, "பெரியப்பன் தோட்டத்துக்குப் போயிட்டு வர்றேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தார். நல்ல மனிதர். நான் வண்டிக்குள் தலையைத் திருப்பிக்கொண்டேன், அவருக்குக் கூச்சமாக இருக்கக் கூடாது என்று.

கூடைக்குள் செருப்புகள் குறைந்துகொண்டே வந்தன. கலாமணி தனியாகக் குளித்துவிட்டு வர முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தனத்தையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தனம் உள்ளே கலாமணியோடு பேசிக்கொண்டிருந்தாள். நிவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் வாட்சைத் திருகிக்கொண்டே கேட்டாள். "மாமா, அம்மா சொல்லிட்டுப் போயிருந்தா வந்திருப்பாங்களா?"

இந்த இடத்தில் எனக்குப் பொய் சொல்ல ஆசையாக இருந்தது. சாமிகிட்டப் போயிருக்காங்க, நட்சத்திரமா இருக்காங்க என்று எத்தனை பேர் எத்தனை பிள்ளைகளிடம் சொல்கிறோம். போயிருக்காங்க என்றால் எங்கள் பேச்சில் வருவார்கள் என்றுதான் பொருள். அப்புறம் பிள்ளை வாசலைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் என்ன செய்யும்?

"இல்ல கண்ணு," என்றேன். "அம்மா இறந்துட்டாங்க. இறந்தவங்களால திரும்பி வர முடியாது. சொல்லிட்டுப் போயிருந்தாலும் வந்திருக்க முடியாது."

"நான் எந்திரிச்சிருந்தா?"

இதைத்தான் இத்தனை நாளும் இந்தச் சின்ன நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருக்கிறாள். எந்தக் கல்லை வைத்து அடைத்தாளோ.

"நீ எந்திரிச்சிருந்தாலும் அதேதான் நடந்திருக்கும். உனக்குச் சொல்லக் கூடாதுன்னு அம்மா போகல. சொல்ல முடியல. முடிஞ்சிருந்தா உங்கம்மா உனக்குச் சொல்லாமப் போற ஆளா? சீட்டைத் தட்டித் தட்டி என்னையே சொல்ல வச்ச ஆளு அது."

என் முகத்தையே பார்த்தாள். பிறகு வாய் கோணியது. முதல்முறையாக அழுதாள். சத்தம் கேட்டு ஓடிவந்த கலாமணி, "ஐயோ, அழாத சாமி, அழாத" என்று வாரி எடுத்தாள். "அழட்டும் விடும்மிணி" என்று தனம் சொன்னாள். அப்புறம் நாங்கள் எல்லோருமே அழுதோம். கோழி மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி மேய்ந்துகொண்டிருந்தது.

செல்வராஜ் கிளம்பிய காலை

நிவியின் அப்பா செல்வராஜைப் பற்றி இதுவரை சொல்லவில்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருந்தார் மனிதர். அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரப் பட்டறையில் வேலை. கருமாதி முடிந்து, இனிமேலும் போகாமல் இருக்க முடியாது என்கிற நிலை வந்தது. கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் என் வண்டிப் பக்கம் வந்து நின்றார்.

"நாளைக்கு வேலைக்குப் போலாம்னு இருக்கறனுங்க மச்சான். அவ எந்திரிக்கறதுக்கு முன்னாலயே கெளம்பிர்றேன். முழிச்சிருந்தா அழுவா. அதப் பாத்துட்டு என்னால வண்டி ஓட்ட முடியாதுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் கோபக்காரன், அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? "தூங்கறப்பப் போனா அவ அழ மாட்டாளா மாப்ள? உங்களுக்குக் கேக்காது, அவ்வளவுதான?" என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகு, பெண்டாட்டியைப் பறிகொடுத்த மனிதனிடம் இப்படியா பேசுவது என்று மனசு சுட்டது. அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எழுப்பிச் சொல்லிட்டு வாங்க," என்றேன், குரலைத் தணித்து. "மொபெட் வேண்டாம். என்ற வண்டியிலயே வாங்க. எறக்கி உடறேன். பொழுதோட நானே கூட்டிட்டு வந்து விடறேன்."

வேலிக்குள் நின்ற மொபெட்டைப் பார்த்துக்கொண்டே உள்ளே போய்விட்டார்.

கம்பெனி ஆளைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது என்பது விதி. மறுநாள் காலையில் முன்சீட்டைத் துடைத்துக் காலியாக வைத்துக்கொண்டு வந்தேன். வருவாரா, இல்லை விடிவதற்கு முன்பே கிளம்பிப் போயிருப்பாரா என்று வழியெல்லாம் யோசனை. வேலியை எட்டிப் பார்த்தேன். மொபெட் நின்றுகொண்டிருந்தது. இரண்டு ஹாரன் அடித்தேன்.

கதவு திறந்தது. கையில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு செல்வராஜ் வந்தார். பின்னாலேயே, தூக்கத்தில் கலைந்த தலையோடு நிவி. வாசலில் அவர் அவள் முன்னால் குந்தினார். அவள் நெற்றியில் விழுந்த முடியைக் கையால் ஒதுக்கிவிட்டார். வண்டியில் எல்லா ஜன்னலிலும் தலைகள்.

"போயிட்டு..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டார். சொல்லுங்க மாப்ள என்று நான் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"வர்றேன் கண்ணு," என்றார்.

நிவி அழவில்லை. அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு திரும்பி வீட்டுப் பக்கவாட்டுக்கு ஓடினாள். அப்போதுதான் பார்த்தேன், செல்வராஜ் வெறுங்காலோடு இருந்தார். முந்தின நாளே எடுத்து ஒளித்திருக்கிறாள், அதுவும் ஒன்று இல்லை, இரண்டையும்.

கூடையைத் தூக்குகிற சத்தம் கேட்டது. இரண்டு செருப்பையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாள். அவர் காலடியில் குனிந்து, வண்டியைப் பார்க்கிற மாதிரித் திருப்பி வைத்தாள். இடது கால் இருக்க வேண்டிய இடத்தில் வலது, வலது இருக்க வேண்டிய இடத்தில் இடது.

"போயிட்டு வாங்கப்பா. பொழுதோட வாங்க," என்றாள்.

செல்வராஜ் குனிந்து பார்த்தார். அவள் வைத்தபடியே காலை நுழைத்துக்கொண்டு, தடுக்கித் தடுக்கி நடந்து வந்து முன்சீட்டில் ஏறினார். ஜன்னலில் கையை நீட்டியவர் வீடு மறையும் வரை எடுக்கவில்லை.

ஊர் வளைவு தாண்டிய பிறகுதான் குனிந்து, இரண்டையும் மாற்றிப் போட்டுக்கொண்டார்.